மொழி பயில்வோரும் இனவரைவியலும்: ஒரு நூல் மதிப்புரை

ஆங்கிலப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகளைப் பயில்வோர், நான்காண்டுப் படிப்பில் ஓராண்டை அம்மொழி வழங்கும் நாட்டில் கழிப்பது நெடுங்கால வழக்கம். அங்குச் சென்றால் நா தானே பழகிவிடும் என நம்பினர். சென்றோரிற் பலரோ தம் நாட்டாருடனேயே கூடி வாழ்ந்து, பழைய எண்ணங்களை உறுதியாக்கிக்கொண்டே திரும்பினர். இக்குறையைப் போக்க, மேற்கு லண்டனில் தேம்ஸ் வேலி என்று அப்போது பெயர் பெற்றிருந்த பல்கலைக்கழகத்தார் 1990-களின் தொடக்கத்தில் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். அதனை ஆராய்ந்துரைப்பதே சீலியா ராபர்ட்ஸ், மைக்கேல் பைரம், அனா பாரோ, ஷெர்லி ஜோர்டன், பிரையன் ஸ்ட்ரீட் ஆகிய ஐவரும் எழுதி 2001-இல் வெளிவந்த ‘லாங்குவேஜ் லேர்னர்ஸ் ஆஸ் எத்னோகிராஃபர்ஸ்’ என்னும் நூல்.

மாணவரை மானிடவியல் வல்லுநராக்குவது இவர்தம் நோக்கமன்று. மக்களோடு கூடி வாழ்ந்து உற்றுநோக்கவும், தம் முடிவுகளைத் திணியாது வினவவும், கண்டவற்றை அன்றன்றே குறித்துவைக்கவும் இரண்டாம் ஆண்டிலேயே பயிற்றுகின்றனர். பின்பு மாணவர் அயல்நாட்டில் ஒரு சிறு குழுவினரின் வாழ்வை ஆய்ந்து, அந்நாட்டு மொழியிலேயே கட்டுரை வரைதல் வேண்டும்.

இத்திட்டத்தில் மிகச் சிறந்த பகுதி, அயல்நாடு செல்லுமுன் சொந்த ஊரில் ஓர் ஆய்வு செய்விப்பதே என்பது நம் துணிபு. பழகியதை அயலான் கண்கொண்டு காண அறியாதவன், அயலதை நேர்மையாகக் காண இயலாது. மாலினோவ்ஸ்கியே இதற்குச் சான்று. 1922-இல் வெளிவந்த அவருடைய நூல் டிரோப்ரியாண்டுத் தீவினரைப் பரிவோடு வரைந்தது; அவர் மறைந்தபின் 1967-இல் அச்சேறிய நாட்குறிப்போ, களத்திலே அவர் கொண்டிருந்த எரிச்சலையும் இகழ்ச்சியையும் வெளிப்படுத்திற்று. நம் இறையியல் மாணவரும், கிராமச் சபைகளுக்குப் பயிற்சிக்கெனச் செல்லுமுன், தம் சொந்தச் சபையில் யார் எங்கே அமர்கின்றனர், திருவிருந்துக்கு யார் முந்தி எழுகின்றனர் என எழுதிப் பார்ப்பது நன்று. அவ்வேடு சிலருக்கு இனிதாயிராது.

ஆயினும் ஒரு குறை. நூலின் நாட்டம் பெரிதும் மாணவரின் வளர்ச்சியிலேயே நிற்கிறது. எழுதப்பட்டோர் யாது பெற்றனர் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. இவ்வினா நமக்கு அயலானதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழரிடம் அவர்தம் சமயமும் வழக்கமும் குறித்துக் கடிதம் வாயிலாக வினவினர். வந்த விடைகளை ஜெர்மனில் பெயர்த்து, தம் குறிப்புகளோடு ஹாலேயில் அச்சிடுவித்தனர். அம்மொழியறியாத தமிழர்க்கு, தம் சொல் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது எனச் சரிபார்க்க வழியேது?

லண்டன் மாணவர்க்கோ அத்தடை இல்லை. ஸ்பானியரைப் பற்றி அவர்கள் எழுதுவது ஸ்பானிய மொழியில். மதிப்பெண் இடும் பேராசிரியருக்கு முன்னரே, வினாக்களுக்குப் பொறுமையோடு விடையளித்த வீட்டார்க்கு ஒரு படியை அஞ்சலில் அனுப்பலாம். அவர்தம் மறுப்பையும் கட்டுரையின் பின்னே சேர்க்கலாம்.