கவுண்டரைக் கேட்காமல் எழுதிய மென்பொருள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் வாகனப் பதிவுக்கு 1980களிலிருந்து ஒரே கணினி அமைப்பை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. 2017 ஜூலை 24, திங்கட்கிழமை, அதை விட்டுவிட்டு மின்லார்ஸ் என்ற புதிய அமைப்புக்கு மாறியது. புதியதற்குக் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் செலவு. சில மாதங்களிலேயே உரிமைச் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் தேங்கின. பழைய வண்டியை மாற்றிக்கொண்டு புதியது கொடுத்த விற்பனையாளர்கள், சான்றிதழ் வராததால் அந்தப் பழைய வண்டியை விற்க முடியாமல் நிறுத்தி வைத்தார்கள். நம்பர் பிளேட்டுக்குக் காத்திருந்தவர்களின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தற்காலிக அனுமதிச் சீட்டு காலாவதியானது.

மாற்றமே தேவையில்லை என்று சொல்ல முடியாது. முப்பது வயதைத் தாண்டிய அமைப்பு அது; அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுக்கொண்டிருப்பார்கள். பழைய முறையில் கவுண்டரில் வாங்கிய தாள்கள் தலைநகர் செயின்ட் பாலுக்குப் போய், அங்கே மாநில ஊழியர்கள் மீதி வேலையை முடிக்க வேண்டும். அந்த வேலையைக் கவுண்டரிலேயே, வாடிக்கையாளர் நிற்கும்போதே முடித்துவிடலாம் என்பதுதான் மின்லார்ஸின் அடிப்படை எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மினசோட்டாவில் பதிவு வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர்கள் துணைப் பதிவாளர்கள். சில அலுவலகங்களை மாவட்ட, நகர நிர்வாகங்கள் நடத்துகின்றன. பலவற்றைத் தனியார் நடத்துகிறார்கள். நம்மூர் இ-சேவை மையத்தை நடத்துபவரைப் போல, ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சில டாலர்தான் அவர்கள் வருமானம். அந்தக் கட்டணம் சட்டத்தில் எழுதப்பட்டது, அவர்களாக ஏற்ற முடியாது. செயின்ட் பாலில் நடந்த தட்டச்சு வேலை இவர்கள் மேசைக்கு வந்தது. ஒரு பதிவுக்கு ஆகும் நேரம் கூடியது, கட்டணம் அப்படியே நின்றது. வேலையை இடம் மாற்றிவிட்டு அதைத் திறன் மேம்பாடு என்று கணக்கில் காட்டுவது எல்லா ஊர் அரசுகளுக்கும் கைவந்த கலை.

கோளாறு எங்கே இருந்தது என்பதை நம்பர் பிளேட்டை வைத்தே பார்க்கலாம். மினசோட்டாவில் வண்டியை விற்றால் சாதாரண பிளேட் வண்டியோடு போய்விடும். முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான சிறப்பு பிளேட் அப்படியல்ல; அது உரிமையாளரோடு அடுத்த வண்டிக்கு வரும். கவுண்டரில் ஒரு வாரம் உட்கார்ந்தவருக்குக்கூட இது தெரிந்திருக்கும். மின்லார்ஸ் இயங்கத் தொடங்கியபோது இந்த மாற்றத்தைச் செய்ய அதில் வழியில்லை. பதிந்து அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு எழுத்து பிழையென்றால் அதைத் திருத்தவும் வழியில்லை. ஆட்கள் தட்டச்சு செய்யும் இடத்தில் பிழை வரும் என்பதையே எதிர்பார்க்காத மென்பொருளை என்னவென்று சொல்வது!

சட்டமன்றத் தணிக்கையாளர் அலுவலகம் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் சொன்னது: தயாராகாத அமைப்பு, போதாத சோதனை, போதிய அளவு கலந்தாலோசிக்கப்படாத துணைப் பதிவாளர்கள். பொதுப் பாதுகாப்புத் துறை, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை இரண்டுமே அதில் குட்டுப்பட்டன.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், அரசாங்கம் சொந்தமாக மென்பொருள் எழுதக்கூடாது என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2012இல் இந்த வேலை முதலில் தனியாரிடம்தான், ஹெவ்லெட்-பேக்கார்டிடம்தான் கொடுக்கப்பட்டது. 2014இல் அந்த ஒப்பந்தம் முறிந்த பிறகே மாநிலத்தின் சொந்த ஆட்கள் கையில் எடுத்தார்கள். அதே ஆட்கள் 2018 முழுக்க உழைத்துத் தேக்கத்தைப் பெருமளவு குறைத்தார்கள், விடுபட்ட வசதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 2019இல் புதிய ஆளுநர் டிம் வால்ஸ் அமைத்த வல்லுநர் குழு, ரிக் கிங் தலைமையில், இந்த முன்னேற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, மின்லார்ஸைக் கைவிட்டு ஆயத்த மென்பொருளை வாங்கச் சொன்னது. ஓட ஆரம்பித்த குதிரையை விற்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அதை ஓடவைத்துக்கொண்டே இருக்க ஆகும் செலவை வைத்துப் பார்த்தால் குழுவின் கணக்கு சரி.

2020 நவம்பர் 16 அன்று, பெருந்தொற்றின் நடுவே, ஃபாஸ்ட் எண்டர்பிரைசஸ் நிறுவனத்தின் எம்என்டிரைவ் வந்தது. பெரிய கூச்சலில்லாமல் வந்தது. வேறு மாநிலங்களில் முன்பே ஓடி அடிபட்ட மென்பொருள் அது. அதன் முதல் பிழைகளை அனுபவித்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். விலையும் உண்டு: சட்டமன்றம் இனி ஒரு கட்டணத்தை மாற்றினால், அதைத் திரையில் கொண்டுவர ஒரே ஒரு நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்தப் பேரத்தில் மாநிலத்தின் கை ஓங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. என்றாலும் 2017ஐப் பார்த்தவர்கள் அந்த விலையைக் கொடுக்கத் தயங்கியிருக்க மாட்டார்கள்.

நட்டத்தைச் சுமந்தவர்கள் கதைதான் இதில் மோசமானது. 2018 மார்ச்சில் மின்லார்ஸைச் சரிசெய்ய அவசர நிதியாகக் கிட்டத்தட்ட 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. துணைப் பதிவாளர்களுக்கு இழப்பீடாக 90 லட்சம் டாலர் தரச் சட்டமன்றம் அதே ஆண்டு மே மாதம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மார்க் டேட்டன் ரத்து செய்தார். மென்பொருளைச் சரிசெய்ய மேற்கொண்டு கேட்ட பணத்தைத் தராமல் இதை மட்டும் ஏற்க முடியாது என்பது அவர் வாதம். அதற்குள் கவுண்டர் நடத்தியவர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு 1.3 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது 2019இல், ஆளுநர் மாறிய பிறகு.