சிறார் பாவைத் தொலைக்காட்சியில் இசைத்தட்டுப் பாட்டும் முதியோர் நகையும்

சிறார்க்கெனச் செய்யப்படும் கலைப்படைப்பு ஒன்றில், சிறார் உணர இயலாத நகைச்சுவையும் முதியோர்க்கென எழுந்த பாப் பாட்டும் இடம்பெறுமாயின், அவற்றை அப்படைப்பின் உறுப்பு எனக் கொள்வதா, ஒட்டு எனத் தள்ளுவதா என்னும் வினா எழும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1947 தொடங்கி ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நிகழ்ந்த பாவை நிகழ்ச்சிகளை நோக்குவார்க்கு, அவை பெற்றோரை இருக்கையில் பிடித்துவைக்கும் உத்தியே என்று கூறி அமைதல் எளிது. யாம் அங்ஙனம் கருதவில்லை. அந்நகை உறுப்பே என்பதும், குழந்தை உடனில்லாதவழி முதியோர் நகையும் உயிரிழக்கும் என்பதும் எம் துணிபு. இதனை நிறுவுதற்குத் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலும் செய்யுளியலும் தரும் சில கருவிகளைப் பயன்கொள்வோம். அமெரிக்கப் பாவைகளுக்குத் தமிழ் உடை உடுத்துக் காட்டுதல் எம் நோக்கமன்று. நகையின் நிலைக்களன்களை இத்துணைச் சுருக்கமாகவும் திட்பமாகவும் வகுத்த பிறிதொரு நூலை யாம் கண்டிலம்.

முதற்கண் வரலாறு. தொலைக்காட்சிப் பாவை பிறந்த காலத்திலேயே சிறார்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. சிகாகோவில் 1947 அக்டோபரில் சிறார் நிகழ்ச்சியாகத் தொடங்கியது, பின்னர்க் 'குக்லா, ஃபிரான், ஆலி' எனப் பெயர்பெற்ற தொடர். பர் டில்ஸ்ட்ராம் என்பார் ஒருவரே பாவைகள் அனைத்தையும் தம் கைகளில் அணிந்து இயக்கினார். அனைத்திற்கும் குரல் கொடுத்தவரும் அவரே. சிறுமேடையின் முன்னின்று பாவைகளோடு உரையாடிய ஃபிரான் அலிசன் அம்மையாரே அங்குக் காணப்பட்ட மாந்தர். எழுதிவைத்த உரையாடல் இல்லை. அன்றன்று மனத்தில் எழுந்ததே பேச்சு. 1951 ஆம் ஆண்டில் என்.பி.சி. நிறுவனம் அரைமணி நேரத்தைக் கால்மணியாகச் சுருக்கியபொழுது, முறையிட்டு எழுதியோருள் முதியோர் பலர். லாஸ் ஏஞ்சல்ஸில் 1949 இல் பாப் கிளாம்பெட் தொடங்கிய 'டைம் ஃபார் பீனி' இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஸ்டான் ஃப்ரீபெர்க், டாஸ் பட்லர் என்னும் இருவர் பாவைகளை இயக்கிப் பேசிய அந்நிகழ்ச்சியில், சொல் விளையாட்டும் நாட்டு நடப்பைக் குத்தும் பேச்சும் மலிந்திருந்தன. ஆகவே முதியோர் நகை சிறார் மேடைக்குள் பின்னாளில் எவரோ கொணர்ந்து புகுத்தியது என்னும் கருத்து வரலாற்றோடு பொருந்தாது.

பாப் பாட்டு பாவையின் வாயில் வந்து அமைந்த வகை தனியே நோக்கத்தக்கது. மேரிலாந்து பல்கலைக்கழக மாணவராகிய ஜிம் ஹென்சனும் உடன் பயின்ற ஜேன் நீபலும் 1955 மே முதல் 1961 டிசம்பர் வரை வாஷிங்டன் நகர நிலையம் ஒன்றில் 'சாம் அண்டு ஃப்ரெண்ட்ஸ்' என்னும் ஐந்து நிமிட நிகழ்ச்சியை நடத்தினர். இரவுச் செய்தியை அடுத்து, குழந்தைகள் உறங்கச் சென்றிருக்க வேண்டிய பொழுதில் அது ஒளிபரப்பாயிற்று என்பதை மறத்தல் கூடாது. தொடக்க ஆண்டுகளில் பாவைகளுக்குச் சொந்தக் குரல் இல்லை. கடையில் விற்கும் இசைத்தட்டை ஓடவிட்டு, அதற்கு இயையப் பாவையின் வாயை அசைத்தனர். அங்ஙனம் பயன்பட்ட தட்டுகளுள் ஃப்ரீபெர்க்கின் நகைப்பாட்டுத் தட்டுகளும் உண்டு. 'பீனி'யில் பாவை ஆட்டிய அதே ஃப்ரீபெர்க் அதற்குள் அத்தொழிலை விடுத்து, புகழ்பெற்ற பாட்டுகளைக் கேலி செய்து பாடும் இசைத்தட்டுக் கலைஞராகியிருந்தார். பாவைமேடையினின்றும் இசைத்தட்டிற்குச் சென்ற குரல் மீண்டும் பாவையின் வாயிலேயே வந்து தங்கிற்று! இவ்வாறு, சிறார் தொலைக்காட்சியின் பாவைமரபு பாப் பாட்டையும் அதன்மீதான எள்ளலையும் ஒருசேரப் பெற்றுக்கொண்டது.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரித்து ஆராய்வோம். 'மை ஃபேர் லேடி' என்னும் 1956 ஆம் ஆண்டு இசைநாடகத்தில், காதலியின் முகம் தனக்குப் பழகிப்போயிற்று என்று தலைவன் உணரும் பாட்டு ஒன்று உண்டு. அதன் இசைத்தட்டிற்கு ஏற்பக் கெர்மிட் என்னும் பாவை பெண்ணின் முடியணிந்து உருகிப் பாடுகின்றது. அருகில் முகம் வரைந்த துணியால் மூடிய உருவம் ஒன்று. பாட்டுச் செல்லச் செல்ல அத்துணி சிறிது சிறிதாக உள்ளே இழுக்கப்பட்டு மறைகின்றது. உள்ளிருக்கும் மண்டையோட்டு வடிவினதாகிய பாவை அதனைத் தின்று தீர்த்து, பின்னர்ப் பாடுகின்ற கெர்மிட்டையே தின்னத் தலைப்படுகின்றது.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். அவை தன்கண் தோன்றுவனவும் பிறர்கண் தோன்றுவனவுமாகப் பெருகும் என்பது பேராசிரியர் உரை. மேற்கூறிய காட்சியில் குழந்தை நகுவது எதனால்? ஆபத்து அருகில் இருக்கவும் அறியாது பாடும் பேதைமையால். கிடைத்ததை விடாது தின்னும் மடத்தால். முதியோர் நகுவது எதனால்? உருக்கம் மிகுந்த காதற்பாட்டு ஒன்று சிதைக்கப்படுதலாகிய எள்ளலால். நகை பிறக்கும் நொடி ஒன்று; நிலைக்களன் இரண்டு. குழந்தைக்குப் பாட்டின் வரலாறு தெரியாமையால் அதன் நகையில் குறைவு யாதும் இல்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. முதியோர்க்குரிய பொருளை முற்றும் நீக்கிவிட்டாலும் தின்னும் பாவையும் தின்னப்படும் பாவையும் எஞ்சி நிற்கும். இதனையே யாம் அளவுகோலாகக் கொள்வோம்: முதியோர் நகையை நீக்கியவழியும் சிறார் நகை முழுமையாக நிற்குமாயின் அவ்வங்கதம் செவ்விது, நில்லாதாயின் குழந்தையை வெளியே நிறுத்திக் கதவடைத்தலாகும்.

1969 நவம்பர் 10 அன்று தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' இம்மரபைக் கல்விக்குப் பயன்படுத்தியது. ஜோன் கான்ஸ் கூனியும் அவர்தம் குழுவினரும், குழந்தை தனியே காண்பதினும் தாயோ தந்தையோ உடனிருந்து காண்பின் கற்பது மிகும் எனக் கருதினர். முதியோரும் நகுதற்குரியவற்றை அறிந்தே சேர்த்தனர். குழந்தையின் பக்கத்தையும் அவர்கள் புறக்கணிக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே 7.5 நொடிக்கு ஒருமுறை படம் மாறும் திரையொன்றை வைத்து, குழந்தையின் கண் எப்பொழுது நிகழ்ச்சியை விட்டு அகல்கின்றது என எட்வர்ட் பாமர் அளந்து குறித்தார். புலவர் அவையில் நூல் அரங்கேற்றுதலினும் கடுமையான சோதனை இது. அவையோர் நாணி அமர்ந்திருப்பர், நான்கு வயதுக் குழந்தை அங்ஙனம் அமராது.

அந்நிகழ்ச்சியின் முதல் மாதத்திலேயே, 1969 நவம்பர் 27 அன்று, 'மானா மானா' என்னும் பாட்டு பாவைகளால் பாடப்பெற்றது. மூன்று நாள் கழித்து எட் சல்லிவன் நிகழ்ச்சியில் முதியோர் முன்னும் அது நிகழ்ந்தது. இதன் பிறப்பிடம் வியப்பைத் தருவது. சுவீடன் நாட்டாரின் பாலியல் ஒழுகலாறுகளைக் காட்டுவதாகக் கூறி 1968 இல் வெளிவந்த இத்தாலியப் படம் ஒன்றிற்காகப் பியரோ உமிலியானி அமைத்த இசை அது. நீராவிக் குளியலறைக் காட்சிக்கு உரியது. சிறார் காணத்தகாத படத்தினின்றும் அடுத்த ஆண்டிலேயே சிறார் மேடைக்கு வந்த அப்பாட்டில் தகாதது ஏதும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஒட்டுதற்குச் சொல் வேண்டுமன்றோ? அதிலுள்ளவை பொருளற்ற அசைகள்; நம் இலக்கண வழக்கில் கூறின் முற்றும் இசைநிறையாலேயே ஆகிய பாட்டு.

பாவைகள் அதற்குச் சேர்த்தது ஒரு சிறு கதை. கலைந்த தலையினன் ஒருவன் பல்லவியைத் தொடங்க, இருவர் விடை பாடுகின்றனர். இடையில் அவன் தன் மனம் போன போக்கில் இசையை விரித்துக்கொண்டு செல்கின்றான். இருவரும் வாய்மூடி அவனையே நோக்குகின்றனர். அவன் குரல் தேய்ந்து, நாணி, பல்லவிக்கே மீள்கின்றான். ஜாஸ் இசை அறிந்தார் இதில் தன் கற்பனையில் வழிதவறும் இசைஞனைக் காண்பர். குழந்தையோ விளையாட்டின் விதியை மீறிப் பிறர் பார்வைக்கு அஞ்சித் திரும்பும் தன்னையே காணும். இவ்விடத்து நகையின் நிலைக்களன் இரண்டு என யாம் மேலே கூறியது போதாது. இசைஞனும் குழந்தையும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவர் நகையும் இளமை என்னும் ஒரே களத்தில் கூடுகின்றது. இவ்வகைப் பாவைப்பாட்டுகளுள் இதனையே யாம் தலையாயதாக மதிக்கின்றோம். 'ஒரு பாவைமேடைப் பாட்டு இவ்வளவு ஆராய்ச்சியைத் தாங்குமோ?' என வினவுவார்க்கு, ஒருமுறை கேட்டுப் பார்க்க என்பதே எம் விடை. 1976 இல் 'தி மப்பெட் ஷோ'வின் வழியாக அது மீண்டும் பரவ, உமிலியானியின் பழைய தட்டு 1977 இல் பிரித்தானிய விற்பனை வரிசையில் 8 ஆம் இடத்தை எய்தியது.

பாட்டின் சொல்லை மாற்றிப் போலி செய்யும் வகை இதற்கு ஒருபடி தாழ்ந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் 1970 ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் சாயலில் 'பி' என்னும் எழுத்தைப் போற்றும் பாட்டும், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1975 ஆம் ஆண்டுப் பாட்டின் சாயலில் கூட்டற் கணக்கைப் போற்றும் பாட்டும் இவ்வகையின. இவற்றில் முதியோர் பெறுவது மூலத்தை அடையாளம் கண்ட மகிழ்ச்சியே. அதற்கு அப்பால் செல்லுதற்கு வழியில்லை. ஆயினும் குழந்தையின் பக்கம் நின்று நோக்குவார்க்கு ஒரு புதுமை தோன்றும். குழந்தை முதலில் கேட்பது போலியை. மூலத்தைக் கேட்பது பத்தாண்டு கழித்து. அதன் செவிக்குப் போலியே மூலம், மூலமே போலி. முன்னூல் வழிநூல் என நாம் வகுக்கும் முறை இங்கே தலைகீழாகின்றது.

முதியோர் நகை சிறார்க்குத் தீங்கு செய்யாது என்று யாம் கூறவில்லை. 1978 முதல் 'செசமி ஸ்ட்ரீ'ட்டில் இடம்பெற்ற 'மான்ஸ்டர்பீஸ் தியேட்டர்' என்னும் பகுதியில், தின்பண்டப் பூதம் பட்டாடையுடன் புகைக்குழாய் ஏந்தி அமர்ந்து, உயர்ந்த நாடகங்களை முன்னுரைக்கும். அலிஸ்டர் குக் என்னும் அறிஞர் தொலைக்காட்சியில் அமர்ந்து முன்னுரை கூறும் பாங்கை எள்ளியது அது. அவரை அறியாத குழந்தையும் நகுதற்கு இடம் இருந்தது; முடிவில் பூதம் தன் புகைக்குழாயையே தின்றுவிடும். எம் அளவுகோலுக்கு இஃது இயைகின்றது. ஆனால் பின்னாளில் அக்குழாய் குழந்தைக்குத் தீய முன்மாதிரி எனக் கருதி நீக்கப்பட்டது. முதியோர் குழாயைப் பெருமிதத்தின் குறியாகக் கண்டனர். குழந்தை அதனைக் குழாயாகவே காணும். அங்கதத்தின் மறைவுப்பொருளை உணராதார், மறைக்கும் போர்வையையே மெய்யாகக் கொள்வர். நீக்கியது முறையே எனினும், நகையின் ஒரு பாதி அதனோடு சென்றது.

இனி எம் துணிபிற்கு எதிர்மறைச் சான்று. 1975 அக்டோபரில் தொடங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் முதியோர் நிகழ்ச்சியில், ஹென்சனின் குழு கோர்ச் என்னும் கற்பனை நிலத்துப் பூதப்பாவைகளைக் கொணர்ந்தது. குடியும் பிறன்மனை நாட்டமும் வெளிப்படையாகப் பேசப்பட்டன. அப்பகுதி அம்முதற் பருவத்தோடு முடிந்தது. சங்க விதிகளின்படி அந்நிகழ்ச்சியின் எழுத்தாளரே அதனையும் எழுத நேர்ந்தது என்பதும், அவர்க்கு அதில் விருப்பமில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அஃது ஒன்றே காரணமன்று. அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு எனச் செய்யுளியல் இருவகைப்படுத்தும். பாவைநகை பழிகரப்பைச் சார்ந்தது. கரத்தற்கு அங்கே குழந்தையின் நகை வேண்டும். கோர்ச் பாவைகளின் முன் குழந்தை இல்லை. ஆதலின் கரத்தற்கு ஒன்றுமில்லை. எஞ்சியது செம்பொருள் வசை. வசையை வாய்விட்டுக் கூற மாந்தரே போதும், பாவை வேண்டா.

அதே ஹென்சன் 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தில் எடுத்த 'தி மப்பெட் ஷோ' 120 பகுதிகளில் குழந்தையை மீண்டும் அழைத்துக்கொண்டது. அதன் அரங்கில் மாடத்து இருக்கையில் ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்னும் இரு கிழவர் அமர்ந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் இழித்துரைப்பர். வேண்டாத நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் தவறாது வந்து அமரும் அவர்தம் மடனைக் கண்டு முதற்கண் நகுவது குழந்தையே. முதியோர் உள்ளத்துள் கரந்திருந்த எள்ளல் ஈண்டுப் பாவை உருக்கொண்டு, தானும் எள்ளப்படுகின்றது.