பாமினி, அஞ்சல், தமிழ்99: கணினித் தமிழின் மூன்று மரபுகள்

மேலைநாடுகளில் மக்கின்டோஷ் பெரிதா விண்டோஸ் பெரிதா என்று கணினிப் பயனர் அணி பிரிந்து வாதிட்டனர். தமிழரிடையே அந்தப் பிடிவாதம் விசைப்பலகையையும் எழுத்துருவையும் பற்றிக்கொண்டது.

பொகவந்தலாவை, ஹட்டன் முதலிய மலையக நகரங்கள் உட்பட இலங்கையெங்கும் நிலைபெற்றது பாமினி என்ற எழுத்துரு. அதன் விசை ஒழுங்கு தட்டச்சுப் பொறியின் வழிவந்தது. இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்றே அமரும். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். தட்டச்சுப் பழகியவர்கள் கணினிக்கு வந்தபோது விரல்களுக்குப் புதிய பாடம் தேவைப்படவில்லை. பாமினியின் வலிமை இதுவே.

ஆங்கில எழுத்தின் ஒலிவழியே தமிழ் எழுதும் முறையை மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பரப்பியது. புலம்பெயர்ந்தோர் பலர் அதன் பக்கம் நின்றனர். 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99. 'அம்மா' என்று எழுதப் பாமினியில் புள்ளியும் காலும் தனித்தனியே சேர்ந்து ஐந்து தட்டல் வேண்டும். தமிழ்99இல் அ, ம, ம, ஆ என நான்கே. இரட்டிக்கும் முதல் மெய்க்குப் புள்ளி தானே விழும். கற்பதற்கு இதுவே சிறந்தது, ஆனால் ஊறிப்போன பழக்கம் எளிதில் இடம் விடுவதில்லை.

விசைப் பழக்கம் அவரவர் உரிமை. சேமிப்பு முறை பொதுவாக இருந்தாக வேண்டும். பெருங்கேடு விளைந்தது அங்கேதான். பாமினியில் எழுதிய 'தமிழ்' கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரையும் கடிதமும் பொருளற்ற கோவையாகிவிடும். தமிழில் தேடவும் முடியாது. டிஸ்கி, டாப், டாம் என்ற குறிமுறைகளும் ஒன்றையொன்று அறியாமல் நின்றன.

உலக மொழிகளுக்குப் பொதுவான குறிமுறையான யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடமளித்தது. விண்டோஸ் 2000 அதை மேசைக்குக் கொண்டுவந்தது. இலங்கை கணினித் தமிழுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமத்தை வகுத்தது. தமிழ்நாட்டரசு 2010இல் யுனிகோடை ஏற்றதோடு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறி தரும் டேஸ்16 முறையையும் அங்கீகரித்தது.

இன்று பாமினி விசைகளிலேயே யுனிகோட் எழுத மென்பொருள்கள் உள்ளன. ஆயினும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் யுனிகோட் தமிழைச் சரிவரக் கோக்காததால் அச்சகங்கள் பல பாமினியை விடவில்லை. பாமினியில் கோத்த மலர்களும் நூல்களும் மாற்றிகளின் வழியே யுனிகோடுக்கு வர வேண்டியுள்ளன.