மில்லிமீட்டரைப் பங்கிடும் கலை

மழைக்காலத்தில் நாளிதழ் படிப்பவர்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி என்றால் 24 அடி. பொறியாளர்களின் கணக்கில் அதே நிறைமட்டம் 85.40 அடி. முன்னது ஏரியில் நிற்கும் தண்ணீரின் ஆழம். பின்னது கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம். பூந்தமல்லியை ஒட்டிய கரைக்குக் கடலின் பூஜ்ஜியம் எப்படி வந்தது? நடந்துதான் வந்தது, ஸ்டாஃப் எனும் அளவுகோல் ஒன்றிலிருந்து அடுத்த ஸ்டாஃபுக்கு, ரீடிங் ரீடிங்காக. 1858-இல் தொடங்கிய இந்தியாவின் முதல் லெவல் வலை, சென்னையும் நாகப்பட்டினமும் உள்பட ஒன்பது அலைமானி நிலையங்களில் ஊன்றி, 1909-இல் பிழைகளைப் பங்கிட்டு மொத்தமாகச் சரிக்கட்டப்பட்டது. கணினி இல்லாத காலத்துக் கணக்கு அது. இன்று மடிக்கணினி அந்த வேலையை நொடியில் முடிக்கிறது. வேகம் கூடியதில் அதன் அழகு யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த அழகை ரசிக்க எங்கள் சென்னையின் மேற்குப் புறநகரைவிடத் தோதான இடம் கிடையாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர், அதன் பின் இரட்டை ஏரி என்று கோத்து வைத்த ஊர் இது. தரையோ கண்ணுக்குச் சரிவே தெரியாத தட்டை. 2000-க்கு 1 சரிவில் கால்வாய் வெட்டினால், 20 மீட்டருக்கு வீழ்ச்சி 10 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் 10 மில்லிமீட்டர் தப்பினால் சரிவே இல்லை, தண்ணீர் நின்றுவிடும்.

களத்தில் வேலை எளிது. ஆட்டோ லெவலை நடுவில் வைத்து, பின்னால் உள்ள ஸ்டாஃபில் ஒரு ரீடிங் (பேக்சைட்), முன்னால் உள்ளதில் ஒரு ரீடிங் (ஃபோர்சைட்). இரண்டுக்கும் தூரம் சமமாக இருந்தால், கருவியின் பார்வைக்கோடு சற்றே சாய்ந்திருந்தாலும், பூமி வளைந்திருந்தாலும், இரு பக்கத்துப் பிழையும் ஒன்றையொன்று தின்றுவிடும். கணக்கே போடாமல் காலடியால் பிழையைத் தீர்க்கும் இந்த உத்தியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

களக் குறிப்பேடான லெவல் புக்கிலிருந்து எண்களைத் தட்டச்சு செய்யும் கட்டத்தைக் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. தேர்ந்த கைக்கு அது துப்பறியும் வேலை. 1.384 என்பதை 1.834 என்று அடித்துவிட்டால் முடிவில் 450 மில்லிமீட்டர் உதைக்கும். பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். ஏற்றத்தை இறக்கமாகப் போட்டிருந்தால், பிழை அந்த எண்ணைப்போல் சரியாக இரண்டு மடங்கு. முழுசாக ஒரு மீட்டர் தப்பினால், ஸ்டாஃபின் மீட்டர் எண்ணை யாரோ மாற்றிப் படித்திருக்கிறார்கள். பேக்சைட் கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர்சைட் கூட்டுத்தொகையைக் கழித்தால் முதல், கடைசிப் புள்ளிகளின் ஆர்.எல்.களுக்கு, அதாவது கணக்கிட்ட உயரங்களுக்கு, இடையிலான வித்தியாசம் வரும் என்ற பாடப்புத்தகச் சோதனை தப்பாகப் படித்த, தப்பாக அடித்த ரீடிங்கைப் பிடிக்காது. அது கூட்டல் கழித்தலை மட்டும் சோதிக்கும். களத்தில் நடந்தது அதற்குத் தெரியாது.

பெரிய பிழைகளைக் களைந்த பின் எஞ்சும் சின்ன மிச்சம்தான் சரிக்கட்டலுக்கு உரியது. அம்பத்தூரில் ஒரு டி.பி.எம்.மில், அதாவது தற்காலிக உயரக் குறியில், கிளம்பி, 4 கிலோமீட்டர் சுற்றி அங்கேயே திரும்புகிறோம். 16 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல லெவல் வேலைக்கு அனுமதி, கிலோமீட்டர் தூரத்தின் வர்க்கமூலத்தை 12-ஆல் பெருக்கிய அளவு, இங்கே 24. ஆகவே ஏற்கலாம். அந்த 16-ஐத் தலைக்கட்டு வரிபோல ஆளுக்குச் சமமாக விதிப்பதில்லை. கிளம்பிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் உள்ள புள்ளிக்கு 4, இரண்டில் 8, மூன்றில் 12 என்று நடந்த தூரத்துக்கு ஏற்பக் கழிக்கிறோம்.

பல கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும்போதுதான் மென்பொருளின் கைவரிசை தெரியும். ஸ்டார்நெட் போன்றவற்றுக்கு நாம் கொடுப்பது கொஞ்சம்தான்: எங்கிருந்து, எதுவரை, உயர வித்தியாசம், தூரம். ஆவடியில் ஒரு சந்திப்புக்கு மூன்று கோடுகள் வருகின்றன என்போம். 1 கிலோமீட்டர் கோடு 17.412 என்கிறது, 2 கிலோமீட்டர் கோடு 17.418, 4 கிலோமீட்டர் கோடு 17.396. மென்பொருள் மூன்றுக்கும் 4, 2, 1 என்று எடை கொடுத்து 17.411 என்று தீர்க்கிறது. அருகிலிருந்து வந்த சாட்சி ஒரு மில்லிமீட்டர்தான் அசைந்தது. தொலைவிலிருந்து வந்தது 15 மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தது. யாரையும் பொய்யர் என்று தள்ளவில்லை, எல்லோரையும் ஒரே அளவில் நம்பவும் இல்லை.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. களையாமல் விட்ட ஒரு பெரிய பிழையையும் மென்பொருள் இதே பெருந்தன்மையுடன் ஊருக்கெல்லாம் பங்கிட்டுவிடும். குற்றவாளிக் கோடு நல்ல கோடுகளுக்கு நடுவே மறைந்துகொள்ளும். அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக மூடிப் பார்ப்பதும், அழுத்திய பின் எந்தக் கோட்டின் திருத்தம் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தேடுவதும்தான் இந்தக் கலையில் ரசனை என்பேன்.

நல்ல லெவல் தாளுக்கு என் இலக்கணம் ஒன்றே: களத்தில் கிடைத்த எண், கொடுத்த திருத்தம், சரிக்கட்டிய எண் மூன்றும் தனித்தனிப் பத்தியில் நிற்க வேண்டும். திருத்தத்தைக் கூச்சமின்றிக் காட்டும் தாளை நம்பிக் கால்வாய் வெட்டலாம். 4 கிலோமீட்டர் சுற்றி வந்து துல்லியமான பூஜ்ஜியத்தில் முடிந்தது என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், பாராட்டுவதற்கு முன் லெவல் புக்கைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.