ஏழு வானங்களும் வளிமண்டல அடுக்குகளும்

திருமறை கூறும் ஏழு வானங்கள் பூமியைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் ஏழு அடுக்குகளே என்று நிறுவ முற்படும் நூல்கள் நம்மிடையே பல உலவுகின்றன. மேடைகளிலும் இக்கருத்து ஐயத்துக்கிடமின்றி முழங்கப்படுகிறது. இவ்வாறு கூறுவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அவர்களது வாதம் நிற்குமா என்பதே நம் கேள்வி.

முதலில் அறிவியலை நோக்குவோம். உயரத்துக்கேற்ப வெப்பநிலை மாறும் முறையைக் கொண்டே வளிமண்டலம் பகுக்கப்படுகிறது. கீழடுக்கில் மேலே செல்லச் செல்லக் குளிர் மிகுகிறது. மீள் அடுக்கில் ஓசோன் புறஊதாக் கதிர்களை உட்கவர்வதால் வெப்பம் ஏறுகிறது. இடையடுக்கில் அது குறைந்து, வெப்ப அடுக்கில் மீண்டும் உயர்கிறது. அதற்கப்பால் வெளியடுக்கு. ஆக, அடுக்குகள் ஐந்து. ஏழாக்க விரும்புவோர் ஓசோன் படலத்தையும் அயனி மண்டலத்தையும் தனித்தனியே சேர்த்துக்கொள்கின்றனர். ஆனால் ஓசோன் படலம் மீள் அடுக்கினுள்ளேயே உள்ளது. அயனி மண்டலமோ பெரும்பாலும் வெப்ப அடுக்கோடு ஒன்றிக் கிடக்கிறது. அறைகளை எண்ணும்போது அறைக்குள் நிற்கும் அலமாரியையும் ஓர் அறையாக எண்ணுவது போன்றது இது.

சேர்மானத்தை அளவுகோலாகக் கொண்டாலோ பகுதிகள் இரண்டே. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரம் வரை உலர்காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93 விழுக்காடு என்னும் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. அதற்கு மேல் வாயுக்கள் தத்தம் எடைக்கேற்பப் பிரிகின்றன.

இனித் திருமறையை நோக்குவோம். கீழ்வானம் விண்மீன்களால் அழகுபடுத்தப்பட்டதாக 37:6, 67:5 ஆகிய வசனங்கள் அறிவிக்கின்றன. கீழடுக்கின் உயரம் துருவங்களில் சுமார் 8 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16 முதல் 18 கிலோமீட்டர். அதுவே கீழ்வானம் எனில், விண்மீன்கள் மேகங்களுக்கிடையே இருக்க வேண்டும்! வசனத்துக்குத் துணை செய்ய வந்த விளக்கம் வசனத்தோடே முரண்படுகிறது.

இதில் இழப்பு யாருக்கு? இந்த எண்ணிக்கையை ஈமானுக்குச் சான்றாகக் கற்ற மாணவன் நாளை கல்லூரி நூலில் ஐந்து அடுக்குகளைக் காண்கையில், ஐயம் கொள்வது அந்த நூலாசிரியரை மட்டுமன்று.

நம் முன்னோர் காட்டிய வழி வேறு. 11ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் ஜய்யான் நகரைச் சேர்ந்த காழி இப்னு முஆத், வைகறை ஒளி தோன்றும்போது சூரியன் அடிவானத்துக்குக் கீழே 19 பாகையில் இருப்பதாகக் கொண்டு, பூமியின் சுற்றளவையும் சேர்த்துக் கணித்து, ஒளியைத் திருப்பும் ஆவிகள் ஏறக்குறைய 52 மைல் உயரம் வரை உள்ளன என்றார். ஃபஜ்ருத் தொழுகையின் நேரத்தைக் குறிக்கும் அதே ஒளி அவருக்குக் காற்றை அளக்கும் கோலாயிற்று. காற்றுக்குத் திட்டமான மேல் எல்லை இல்லை, அது படிப்படியாக மெலிந்து செல்வது என்பதை இன்று அறிவோம். ஆயினும் அவர் தம் கணக்கின் படிகளை வெளிப்படையாக வைத்தார். ஆகவே பின்வந்தோரால் அதனைச் சோதிக்க முடிந்தது.

இந்நூலை இப்னுல் ஹைஸமுடையதெனப் பல நூற்றாண்டுகள் கருதினர். அது பிழையென்று வரலாற்றறிஞர் ஏ.ஐ. ஸப்ரா 1967இல் நிறுவினார். நம் பெருமையைப் பேசும் கட்டுரைகள் சில இன்றும் பழைய பெயரையே எழுதுகின்றன. திருமறைக்கு நாம் செய்யும் மரியாதை, அதன் பெயரால் சரிபார்க்காத ஒன்றைக் கூறாதிருப்பதில் தொடங்கட்டும்.