நடுகல்லும் சிலுவையும்: சிற்பி நந்தகோபாலின் கலைப்பணி குறித்து ஒரு திறனாய்வு

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைவோர்க்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் ஈஞ்சம்பாக்கம் உள்ளது. அங்குள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் திருப்பணியாளர்களாகிய நம்முள் பலர் பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே கண்டிருக்கிறோம். 1966ஆம் ஆண்டில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில், சென்னை அரசு கலைக்கல்லூரியோடு தொடர்புடைய கலைஞர்கள், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறி, கலையையே பிழைப்பாகக் கொண்டு வாழத் துணிந்த இடம் அது. அக்கிராமத்திலேயே வாழ்ந்து, அதன் செயலாளராகவும் நெடுங்காலம் பணியாற்றி, 2017ஆம் ஆண்டில் மறைந்த சிற்பி எஸ். நந்தகோபாலின் கலைப்பணியை இறையியல் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறையியல் ஏட்டில் சிற்பிக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். ஒரு சமுதாயம் தனக்காக உயிர் நீத்தவரை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்னும் வினா சிற்பிக்கும் உண்டு. திருவிருந்து மேசையருகே நிற்கும் ஆயருக்கும் உண்டு. நந்தகோபால் தம் வாழ்நாள் முழுவதும் இவ்வினாவோடு போராடினார் என்பது நம் கருத்து. அவர் பெற்ற வெற்றியும் அவர் எட்டாது விட்ட இடமும் நமக்குப் பாடமாகும்.

முன்முகம் உடைய சிற்பம்

நந்தகோபால் 1946ஆம் ஆண்டில் பணிக்கரின் மகனாகப் பிறந்தார். இலயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று பட்டம் பெற்ற பின்னரே கலைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் முறையாகப் பயின்றது ஓவியமே. சிற்பத்திற்கு அவர் ஓவியத்தின் வழியாகவே வந்தார். இச்செய்தியை மனத்திற் கொண்டால் அவருடைய படைப்புகளின் இயல்பு எளிதில் விளங்கும். செப்புத் தகடு, பித்தளை, எஃகு ஆகியவற்றை வெட்டி வளைத்துப் பற்றவைத்தும், வெள்ளி முலாம் பூசியும், வண்ண மினாவேலை சேர்த்தும் அவர் உருவாக்கிய சிற்பங்கள், சுற்றி வந்து காண்பதற்காக ஆனவை அல்ல. எதிரே நின்று காண்பதற்காக ஆனவை. உலோகத்தால் வெற்றிடத்தில் வரைந்த கோட்டோவியங்கள் என்று அவற்றைக் கூறலாம். கருடன், கண்ணன், மரம், பறவை, கிராம தெய்வம், வீரன் ஆகியோரின் கதைகள் அக்கோடுகளுக்குள் பின்னிக் கிடக்கின்றன.

இது புதுமையா, பழமையா? மெரினாவில் தேவிபிரசாத் ராய் சவுத்ரி வடித்து 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை ஒப்பிட்டு நோக்குவோம். பாறையைப் புரட்டும் நால்வரின் தசைநார்கள் எப்பக்கமிருந்தும் தெரியும் வண்ணம் அது அமைந்துள்ளது. ஐரோப்பியச் சிற்ப முறையின் வலிமை அதில் உண்டு. சென்னையின் பிற்காலச் சிற்பிகள் வேறு வழி தேடினர். எஸ். தனபால் உருவங்களை நீட்டியும் சுருக்கியும் நம் நாட்டு வடிவங்களுக்கு அண்மையில் கொணர்ந்தார். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி எழுப்பி, கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் முன்முகச் சிற்பங்களைப் படைத்தார். கிறிஸ்தவர் அல்லாத இவ்விருவரும் கிறிஸ்துவின் உருவத்தைப் படைத்தனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. இவ்வழியில் வந்த நந்தகோபால், முன்முகத்தோடு கதையையும் சேர்த்துக்கொண்டார். அவர் காலத்தில் அவ்வடிவம் தில்லிக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் செய்தது. 1978ஆம் ஆண்டில் தில்லியில் நடந்த டிரினாலே என்னும் மூவாண்டுப் பன்னாட்டுக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

நடுகல்லின் நினைவு

நந்தகோபாலின் படைப்புகளுள் நம் சிந்தையை மிகுதியும் ஈர்ப்பது, நடுகல்லின் நினைவுகள் என்று பொருள்படப் பெயரிட்ட அவருடைய பெரிய சிற்பமாகும். வீரனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் இம்முறையில் ஒரு வழிபாட்டு ஒழுங்கே அடங்கியிருப்பதை வழிபாட்டியல் மாணவர் எளிதில் உணர்வர். நடுகல்லும் முன்முகம் மட்டும் உடையது. பலகைக்கல்லில் வீரன் நிற்கிறான். ஊரின் ஆநிரைகளை மீட்கச் சென்று அவன் பட்ட செய்தி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பல கற்களில் அவன் உடலில் தைத்த அம்புகளையும் சிற்பி செதுக்கத் தவறவில்லை.

கல்லில் கண்ட இவ்வடிவத்தை உலோகத்திற்கு மாற்றி, இன்றைய மனிதன் மீண்டும் அதன் எதிரே நிற்குமாறு செய்தது நந்தகோபாலின் முதற் சிறப்பு. மரபை அருங்காட்சியகப் பொருளாக எண்ணாமல், உயிருள்ள மொழியாக அவர் கையாண்டார். பழைய உருவங்களை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. மேல்நாட்டுப் புதுமைகளுக்கு அடிமையாகவும் இல்லை. சூழமைவு இறையியல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், சூழமைவு என்பது கைகளால் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அவருடைய பட்டறையில் கற்றிருக்கலாம்.

ஆயினும் ஒரு குறையை எடுத்துரைக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். நாம் பார்த்த அளவில், அவருடைய வீரர்களின் உடலில் அம்பு இல்லை. கொடியும் பறவையும் வளையமும் மணியுமாக அணிகள் பெருகுகின்றன; முலாமின் ஒளி கண்ணைப் பறிக்கிறது; இறந்தவனின் வலி அவ்வொளியில் மறைந்துவிடுகிறது. நினைவு எஞ்சியிருக்கிறது, அந்நினைவுக்கு ஒருவன் கொடுத்த விலை எஞ்சவில்லை. பெயரறியாத கிராமத்துச் சிற்பி கரடுமுரடான கல்லில் சொன்ன ஒன்றை, தேர்ந்த கலைஞரின் பளபளப்பான உலோகம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இதற்குக் காரணம் கலைஞரின் திறமைக்குறைவு அன்று. நடுகல்லைச் சுற்றி ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு இறந்தவனைத் தெரியும். கண்காட்சிக்கூடத்தில் ஊர் இல்லை. பார்வையாளர் உண்டு, விலை கேட்போர் உண்டு, பரிசளிப்போர் உண்டு. ஆறு நிலைகளுள் காட்சி மட்டும் அங்கே எஞ்சுகிறது. நடுதலும் வாழ்த்தும் இல்லை. வழிபடும் சமுதாயத்தினின்று பிரிந்த வடிவம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது யாரையும் கடமைப்படுத்தாது. சோழமண்டலத்துக் கலைஞர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தமக்கென ஓர் ஊரையே அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர். எனினும் கலைஞர்கள் மட்டும் கூடி வாழும் ஊர், நடுகல் நட்ட ஊருக்கு ஈடாகாது.

நம் வீட்டின் நிலை

கலைஞரிடம் குறை கண்ட நாம் நம் வீட்டையும் நோக்குவோமாக. அவருக்குக் கிடைக்காத ஊர் நமக்கு உண்டு. ஞாயிறுதோறும் கூடிவரும் சபை உண்டு. காயப்பட்ட ஆண்டவரின் நினைவை அப்பத்திலும் இரசத்திலும் கொண்டாடுகிறோம். உயிர்த்தெழுந்தவர் தம் காயங்களை மறைக்காமல் தோமாவுக்குக் காட்டினார் என்று யோவான் 20ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கிக்கிறோம். ஆனால் அந்நினைவுக்கு நாம் அளித்துள்ள வடிவம் எத்தகையது? கோபுரத்தின் மேல் மின்விளக்குச் சிலுவை. வாயிலில் திறப்பு விழாவுக்கு வந்தோர் பெயர்களைப் பொறித்த கருங்கல் பலகை. பீடத்தின் பின்னே கடையில் வாங்கிய படம். கோயில் கட்ட இலட்சக்கணக்கில் திரட்டும் நாம், ஒரு சிற்பியை அழைத்து அவரோடு ஒரு மாலை நேரம் உரையாடியிருக்கிறோமா? எபிநேசர் என்று நம் பிள்ளைகளுக்கும் ஆலயங்களுக்கும் பெயரிடுகிறோம். அப்பெயர் சாமுவேல் நிறுத்திய ஒரு கல்லின் பெயர் என்பதை மறந்துவிட்டோம்.

பொதுவிடங்களில் நம் மரபினர்க்குச் சிலை இல்லாமல் இல்லை. 1968ஆம் ஆண்டில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கால்டுவெல், போப் ஆகியோருக்குச் சிலைகள் நிறுவப்பட்டன. அவை அவர்களுடைய தமிழ்த்தொண்டுக்கு நாடு செலுத்திய நன்றி. அதில் நாம் மகிழ்கிறோம். ஆனால் பெரியோரின் உருவத்தை நிறுத்துவது வேறு. நம் விசுவாசத்தின் மையத்தை இம்மண்ணின் வடிவத்தில் காண்பது வேறு.

அவ்வாறு கண்டவர்கள் முன்பே இருந்தனர். தாம்பரத்திலிருந்து தொடர்வண்டியில் நகரை நோக்கிச் செல்கையில் பரங்கிமலை தென்படுகிறது. அம்மலை மேல் போர்த்துக்கீசியர் நிறுவிய ஆலயத்தின் பீடத்தில், 1547ஆம் ஆண்டில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதைச் சுற்றிப் பகலவி எழுத்தில் ஒரு கல்வெட்டு ஓடுகிறது. சிலுவையின் முனைகள் மலர்ந்திருக்கின்றன. மேலே ஒரு புறா இறங்குகிறது. அதுவும் முன்முகம் மட்டும் உடைய பலகைக்கல்லே. உருவமும் எழுத்தும் சேர்ந்த நினைவுக்கல்லே. நடுகல்லிலிருந்து அது பிறந்தது என்று நாம் வாதிட வரவில்லை. இரண்டின் எதிரிலும் மனிதன் ஒரே வகையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதே நாம் கூறுவது. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் கிறிஸ்தவர்கள் கல்லில் தம் விசுவாசத்தைப் பொறித்தனர். சோழமண்டலத்துச் சிற்பியின் உலோகத்தைக் காணும்போது நமக்கு அந்நியமாய்த் தோன்றினால், நம் சொந்தப் பாட்டனாரின் கல்லும் நமக்கு அந்நியமாகிவிட்டது என்றே பொருள்.

இரண்டு தடைகள்

நம் வாசகர் இரு தடைகளை எழுப்பக்கூடும். முதலாவது, யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் கற்பனை. அதன் கூர்மையை மழுங்கச் செய்வது நம் நோக்கமன்று. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்திற்கு மக்கள் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசன் அதை உடைத்தான். அவன் செய்தது சரியே. ஆயினும் அதே யாத்திராகமத்தின் 31ஆம் அதிகாரம், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யும்படி பெசலெயேல் என்னும் கைவினைஞன் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகக் கூறுகிறது. உலோகத் தொழிலாளியின் கைத்திறனை ஆவியின் வரமாகக் காணும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உலோகச் சிற்பியைக் காணாமல் கடந்து போவது வேதபக்தி ஆகாது.

இரண்டாவது தடை, அவர் படைத்தவை கண்ணனும் கருடனும் அல்லவா என்பது. இவ்வினா தாம்பரத்திற்குப் புதிதன்று. 1938ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவே பெரும் வாதப்பொருளாயிற்று. தொடர்ச்சி இல்லை என்றார் ஹென்ரிக் கிரேமர். அவருடைய கருத்தைச் சென்னையின் செஞ்சையாவும் அவர் தோழர்களும் எதிர்த்தனர். இருசாராரும் நூல்களின் வழியே வாதிட்டனர். ஆனால் தமிழ்நாட்டின் சமய உள்ளம் நூல்களில் மட்டும் குடியிருக்கவில்லை. கல்லிலும் செம்பிலும் குடியிருக்கிறது. தனபாலும் ஜானகிராமும் கிறிஸ்துவை வடித்தபோதும், பணிக்கர் மலைப்பிரசங்கத்தின் ஒரு பாக்கிய மொழியைத் தம் ஓவியத்திற்குத் தலைப்பாக்கியபோதும், அவர்கள் நம்மிடம் அனுமதி கேட்கவில்லை. நம் ஆண்டவரை அவர்கள் தம் கண்ணால் நோக்கினர். நாமோ அவர்களுடைய கலையைப் பரிவோடு நோக்க அஞ்சினோம்.

ஆகவே நந்தகோபாலின் கலைப்பணியைக் குறித்து நாம் கூறும் முடிவு இதுவே. வழிபாட்டில் பிறந்த வடிவத்தை அவர் கண்காட்சிக்கூடத்தில் காப்பாற்றினார். அதற்காகத் தமிழகம் அவருக்குக் கடன்பட்டுள்ளது. அவ்வடிவத்தின் காயத்தை அவரால் காப்பாற்ற இயலவில்லை. திருச்சபையோ காயத்தின் நினைவைச் சொல்லில் காத்துவருகிறது. அதற்குரிய வடிவத்தை இழந்து நிற்கிறது. இருவரிடமும் பாதிதான் இருக்கிறது.

சோழமண்டலத்தில் 2009ஆம் ஆண்டில் சென்னைக் கலை இயக்கத்திற்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. திறந்த வெளியிலும் சிற்பங்கள் நிற்கின்றன. இறையியல் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்ல ஒரு நாள் போதும். அடுத்து ஆலயம் கட்டும் குழு கூடும்போது, கல்வெட்டில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்னும் விவாதத்திற்கு முன்பாக, இவ்வூரில் சிற்பி யார் இருக்கிறார் என்று ஓர் ஆயர் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாக மகிழ்வோம்.