ஆயுள் வரை

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டின் உயிலை, அப்பா போன பிறகு ஒரு கதையை வாசிப்பதுபோல வரிவரியாக வாசித்தேன். மனைவி, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையின்றி, ஆயுள் வரை அனுபவித்து வரவேண்டியது. அவள் காலத்துக்குப் பின் மகன்கள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது. பத்திர எழுத்தரின் வாடிக்கையான வாசகம்தான். மகன்களுக்குச் சுதந்திரம், அம்மாவுக்கு அனுபவம். மகளான நான் அந்த வாக்கியத்திலேயே இல்லை. அஸ்திவாரத்துக்குப் போன அம்மாவின் சங்கிலியும் இல்லை.

இதைப் பாதுகாப்பு என்கிறார்கள். வசதியுள்ள வீடுகளில் இதுவே டிரஸ்ட் ஆகிறது: பலன் அவளுக்கு, நிர்வாகம் மகனுக்கு. மனைவியையே டிரஸ்டியாக எழுதச் சட்டத்தில் தடையில்லை. மனத்தில்தான் தடை.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவு, பெண்ணிடம் உள்ள சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. 14(2), உயில் விதிக்கும் வரம்பை அனுமதித்தது. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக வந்த சொத்தானால் அந்த வரம்பு நிற்காது என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதை நிரூபிக்க ஒவ்வொரு விதவையும் கோர்ட் படியேற வேண்டும்.

அம்மா ஏறவில்லை. மழைக்கு ஒழுகிய கூரையைச் சரிசெய்யக் கடன் கேட்டாள். வங்கியில் உயிலைப் படித்துவிட்டு, மகன்களின் கையெழுத்தைக் கேட்டார்கள்.

உங்கள் வீட்டில் உயில் எழுதும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள், தோழி. 'ஆயுள் வரை' என்று வந்தால் பேனாவை நிறுத்தச் சொல்லுங்கள்.